கொற்கைக்குப் போகும் முன் புன்னக்காயலில் படகு ஏறுங்கள்

தூத்துக்குடி மாவட்டத்து வரலாற்று ஆசிரியர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றிக் கொற்கைக்கு அழைத்துப் போகிறீர்கள். பழைய வன்னி மரத்தடியில் நிறுத்தி, "இதுதான் பாண்டியர் துறைமுகம்" என்கிறீர்கள். சுற்றிலும் வயலும் வாழையும். கடலோ ஆறேழு கிலோமீட்டர் தள்ளி. "துறைமுகம் எங்க சார்?" என்று எவனாவது கேட்டால் அதட்டிவிடாதீர்கள்.

அவனுக்கான பதில் தாமிரபரணியின் கழிமுகத்தில் கிடக்கிறது. புன்னக்காயலில் ஒரு வள்ளம் பேசி, ஏற்றத்தண்ணி நேரத்தில் ஆற்றுக்குள் போய்ப் பாருங்கள். நான் போனபோது ஆற்றின் நட்ட நடுவில் படகுக்காரர் கழியை ஊன்றிக் காட்டினார். முழங்கால் ஆழம்தான். "கம்பு தட்டுது பாத்தீங்களா அண்ணாச்சி, எல்லாம் மேக்க இருந்து வந்த மண்ணு." கழியை உருவியபோது நுனியில் ஒரு சாண் கறுப்பு வண்டல் ஒட்டியிருந்தது.

கொற்கையைக் கடலிலிருந்து பிரித்தது இந்த மண்தான். கொற்கை தூர்ந்தபின் வணிகம் காயல் என்ற ஊருக்கு நகர்ந்தது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ குறிப்பிட்ட 'காயில்' பழையகாயல்தான் என்றார் கால்டுவெல். (காயல்பட்டினத்துக்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், அந்த வழக்கு தனி.) அதுவும் தூர்ந்தது. போர்ச்சுகீசியர் காலத்தில் புன்னக்காயல், பிறகு தூத்துக்குடி. ஆறு மண்ணைத் தள்ளத் தள்ள, துறைமுகம் கடலைத் துரத்திக்கொண்டே போயிருக்கிறது.

2023 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் சேறு அள்ளிய பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருப்பார்கள். ஆறு மண் சுமக்கும் என்பதை அவர்களுக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டாம்.

கரையோரம் அலையாத்தி நிற்கும். சேற்றிலிருந்து விரல் விரலாக நீட்டிக்கொண்டிருப்பவை மூச்சுவேர்கள். அவற்றுக்கிடையில் தண்ணீர் தயங்கி நிற்க, வண்டல் அங்கேயே படிகிறது. ஓர் இலையைப் பறித்து நாக்கில் வைக்கச் சொல்லுங்கள், உப்புக் கரிக்கும். உறிஞ்சிய உப்பை இலை வழியே கக்கித்தான் அந்த மரம் பிழைக்கிறது. அறிவியல் ஆசிரியரையும் கூட்டிப் போனால் நல்லது.

ஆளுக்கொரு மிதவைச் சட்டை கட்டாயம். கடல்முகத்தில் அலை அடித்தால் படகுக்காரர் சொல்கேட்டுத் திரும்பிவிடுங்கள். வாடகையைப் பேரம் பேசிக் குறைக்காதீர்கள். அன்றைக்கு அவரும் ஒரு வாத்தியார்.

வள்ளம் கொற்கை வரை போகாது. கரையேறி, மீதித் தூரத்தைப் பேருந்தில் போங்கள். வன்னி மரத்தடியில் இந்த முறை நீங்கள் பேச வேண்டாம், அவர்களைப் பேச விடுங்கள்.

இப்படிக்கு,
ஆற்றங்கரையில் படித்து வளர்ந்த பழைய மாணவன்