ஜிப்ரானின் தங்கைக்கும் ஒரு பக்கம் கொடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் லெபனான் கவிஞர் கலீல் ஜிப்ரானைப் பற்றி வந்த கட்டுரையை நிதானமாகப் படித்தேன். எங்கள் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகையிலும் பள்ளி ஆண்டு விழா மலரிலும் அவர் வரிகளை அடிக்கடி பார்க்கலாம். பாதி இடங்களில் அவர் பெயர்கூட இருக்காது. அப்படிப் பெயர் தெரியாமலேயே புழங்குகிற ஒருவரை முழுக் கட்டுரையாக அறிமுகப்படுத்தியதற்கு நன்றி.

ஆனால் கட்டுரை அவரை லெபனான் மலையிலிருந்து ஞானத்தோடு நேராக இறங்கி வந்தவராகக் காட்டிவிட்டது. பிழைக்க வந்த குடும்பத்துப் பிள்ளை அவர் என்பது ஒரே வாக்கியத்தில் முடிந்துவிட்டது. எனக்கு அந்த வாக்கியத்தைத் தாண்டிப் போக முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

ஜிப்ரான் 1883-இல் பிஷர்ரி என்ற மலையூரில் பிறந்தார். அப்போது அந்த மண் உதுமானியத் துருக்கியர் ஆட்சியில் இருந்தது. அப்பா வரி வசூலில் இருந்தவர். பண மோசடிக் குற்றச்சாட்டில் சிறைக்குப் போனார், சொத்து பறிமுதலானது. அவர் விடுதலையாகி வந்த பிறகும் அம்மா கமிலா அங்கே இருக்கச் சம்மதிக்கவில்லை. 1895-இல் நான்கு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறிவிட்டார். முதல் கணவருக்குப் பிறந்த மூத்தவன் பீட்டர், அப்புறம் கலீல், மரியானா, சுல்தானா. கணவர் ஊரிலேயே தங்கிவிட்டார். அந்தக் காலத்தில் ஒரு மலையூர்ப் பெண் எடுத்த முடிவு இது என்பதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

போய்ச் சேர்ந்தது பாஸ்டன் நகரத்தின் ஏழைக் குடியேறிகள் நெருங்கி வாழ்ந்த சவுத் எண்ட். கமிலா லேஸையும் துணியையும் மூட்டை கட்டித் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய் விற்றார். ஆரணிச் சேலையையும் குடியாத்தம் லுங்கியையும் மூட்டையில் கட்டிவந்து, திண்ணையில் பிரித்துப் போட்டு, தவணைக்குக் கொடுத்துவிட்டுப் போகும் பெண்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். பாஷை தெரியாத ஊரில், பனிக்காலத்தில், அதே வேலை. அதில் மிச்சம் பிடித்த காசில் பீட்டருக்கு ஒரு கடை வைத்துக் கொடுத்தார். பள்ளிக்கூடம் போனது கலீல் மட்டும்தான். பெண் பிள்ளைகளை அனுப்பவில்லை.

1898-இல் கலீலைப் படிக்க பெய்ரூட்டுக்கு அனுப்பினார்கள். அவர் பாஸ்டனுக்குத் திரும்பி வருவதற்குள், 1902 ஏப்ரலில், கடைசித் தங்கை சுல்தானா காசநோயில் இறந்துவிட்டாள். அவளுக்கு வயது 14. அடுத்த மார்ச்சில் பீட்டரும் அதே நோயில் போனார். அந்த ஜூனில் அம்மா புற்றுநோயில் போனார். பதினைந்து மாதத்துக்குள் மூன்று சாவு. வேலூர்க்காரர்களுக்கு, வெளியூரில் நோயோடு கிடப்பது என்றால் என்ன என்று தெரியும். சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்த குடும்பங்கள் லாட்ஜ் அறையிலேயே அடுப்பு வைத்துச் சமைத்துக்கொண்டு ரிப்போர்ட்டுக்குக் காத்திருப்பதை நாம் தினமும் பார்க்கிறோம். அவர்களுக்காவது திரும்பிப் போக ஒரு வீடு இருக்கும். கமிலாவின் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை.

மிஞ்சியது இரண்டு பேர். கலீலுக்கு 20 வயது, மரியானாவுக்கு 18. பீட்டரின் கடை கையை விட்டுப் போனது. படம் வரைவேன், எழுதுவேன் என்று இருந்த அண்ணனைக் காப்பாற்றியது மரியானாவின் தையல். ஒரு பெண்கள் உடை தைக்கும் கடையில் ஊசி பிடித்து அவர் கொண்டுவந்த கூலியில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. உங்கள் கட்டுரையில் மரியானாவின் பெயர் ஓர் இடத்தில்கூட இல்லை, ஐயா.

நான் ஆம்பூர்க்காரன். எங்கள் தெருவில் ஷூ கம்பெனிக்கு வீட்டிலிருந்தே அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைத்துக் கொடுக்கும் பெண்கள் உண்டு. ஏஜென்ட் மூட்டையாகக் கொண்டுவந்து இறக்குவார். முன்பக்கத் தோலையும் பக்கவாட்டுத் தோலையும் சேர்த்துப் பிடித்து, துளைக்குத் துளை ஊசி விட்டு, நூலை இரண்டு கையாலும் இழுத்து இறுக்க வேண்டும். இறுக்கம் குறைந்தால் மூட்டை திரும்பி வந்துவிடும். இழுத்து இழுத்து விரலில் நூல் அறுத்த கோடு விழும், அதன்மேல் துணியைச் சுற்றிக்கொண்டு தைப்பார்கள். கூலி ஜோடிக் கணக்கு. என் அக்கா இப்படித் தைத்த காசில்தான் நான் வாணியம்பாடிக்கு பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போனேன். கவிக்கோ அப்துல் ரகுமான் தமிழ்ப் பேராசிரியராக இருந்த இஸ்லாமியாக் கல்லூரி அது. அவர் காலத்துக்குப் பிறகு சேர்ந்தவன் நான் என்றாலும், சூஃபிக் கவிதை, வசன கவிதை என்ற பேச்சு அங்கே காற்றில் இருந்தது. ஜிப்ரானைத் தமிழில் முதலில் படித்ததும் அங்கேதான்.

ஜிப்ரானின் புகழ்பெற்ற நூலான 'தீர்க்கதரிசி'யில் அல்முஸ்தபா என்கிற ஞானி வேலையைப் பற்றிப் பேசும் பகுதி இருக்கிறதே, அதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. துணி நெய்வதென்றால், மனசுக்குப் பிடித்தவர் அதை உடுத்தப் போகிறார் என்று எண்ணி, நெஞ்சிலிருந்து நூல் இழுத்து நெய்வது போல நெய்ய வேண்டும் என்று அவர் சொல்கிறார். இதைத் தத்துவம் என்றுதான் எல்லாரும் விளக்குகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஊசி பிடித்த தங்கையின் கையை எதிரே உட்கார்ந்து பார்த்த ஒருவன் எழுதிய வரிகள் அவை. இதை நிரூபிக்க என்னால் முடியாது, ஆனால் எங்கள் வீட்டில் நான் பார்த்தது அதுதான்.

மேரி ஹாஸ்கெல் பற்றியும் இன்னும் எழுதியிருக்கலாம். ஜிப்ரானைவிடப் பத்து வயது மூத்தவர், பாஸ்டனில் ஒரு பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியர். 1904-இல் ஜிப்ரானின் படக் கண்காட்சிக்கு வந்தபோதுதான் அறிமுகம். அந்த ஆண்டு கடைசியிலேயே அவருடைய படங்கள் இருந்த கட்டடம் தீப்பிடித்து எல்லாம் சாம்பலானது. 1908-இல் ஜிப்ரானைப் பாரிஸுக்கு ஓவியம் படிக்க அனுப்பி, மாதம் 75 டாலர் கொடுத்தவர் மேரி. பிறகு அவருடைய ஆங்கிலக் கையெழுத்துப் பிரதிகளை வரி வரியாகத் திருத்திக் கொடுத்ததும் அவரே. 'தீர்க்கதரிசி'யும் அந்தக் கை பட்டுத்தான் 1923-இல் நியூயார்க்கில் அச்சேறியது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் இருக்கிற புத்தகம்.

கட்டுரையில் இரண்டு திருத்தங்களும் வேண்டும். அவரை 'முஸ்லிம் சூஃபி' என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் மரோனியக் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவர். அல்முஸ்தபா என்பது நபிகள் நாயகத்தின் பெயர்களில் ஒன்று என்பதால் இந்தக் குழப்பம் எங்கள் ஊரிலும் உண்டு. கிறித்தவராகப் பிறந்தவர் தன் ஞானிக்கு அந்தப் பெயரை வைத்தார், ஏசுவைப் பற்றியும் தனியாக ஒரு நூல் எழுதினார், பஹாய் சமயத் தலைவர் அப்துல் பஹா 1912-இல் நியூயார்க் வந்தபோது அவரை எதிரில் உட்காரவைத்து ஓவியமும் தீட்டினார். மசூதியும் தேவாலயமும் கோயிலும் அடுத்தடுத்த தெருவில் இருக்கிற எங்களைப் போன்ற ஊர்களில் அவர் எல்லா வீட்டுக்குள்ளும் போவது இதனால்தான். அப்புறம், அவரைத் 'துறவி' என்கிறீர்கள். நியூயார்க்கில் மேற்குப் பத்தாம் தெரு 51-ஆம் எண் ஸ்டூடியோவுக்கு அவர் ஆசிரமம் என்ற பொருளில் பெயர் வைத்திருந்தார், சரி. ஆனால் அங்கே இரவு முழுக்கக் காபியும் சிகரெட்டுமாக உழைத்தார், பிற்காலத்தில் குடி மிகவும் கூடியது. 1931 ஏப்ரல் 10 அன்று 48 வயதில் இறந்தபோது கல்லீரல் கெட்டிருந்தது, காசநோயும் தொடங்கியிருந்தது. இதை எழுதினால் அவர் மதிப்பு குறைந்துவிடாது. மறைத்தால்தான் படிக்கிற இளைஞர்களுக்கு நாம் பொய் சொன்னதாகும்.

இன்னொன்று. முதல் உலகப்போரின்போது லெபனான் மலையில் பஞ்சம் வந்தது. கடல் வழியை நேச நாடுகள் அடைத்தன, உள்ளே துருக்கி ராணுவம் தானியத்தை எடுத்துக்கொண்டது, 1915-இல் வெட்டுக்கிளியும் வந்தது. மலையில் மூன்றில் ஒரு பங்கு மக்கள் மாண்டார்கள் என்பது பரவலான மதிப்பீடு. நம் வடஆற்காட்டுக்காரர்களுக்குத் தாது வருடப் பஞ்சத்தைப் பற்றிப் பாட்டன் பூட்டன் வழியாகக் கொஞ்சம் தெரியும். ஜிப்ரான் அமெரிக்காவில் நிவாரணக் குழுவின் செயலாளராக இருந்து பணம் திரட்டினார். ஊரில் என் மக்கள் பட்டினியில் சாக, நான் இங்கே சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறேனே என்று குமுறி அரபியில் எழுதினார். வளைகுடாவில் வேலை பார்க்கும்போது ஊரில் வெள்ளம் என்று செய்தி வந்தால் நம் பிள்ளைகள் போனில் படுகிற தவிப்பு அது. 1920-இல் லெபனான் எழுத்தாளர் மிகாயீல் நுஐமாவோடும் மற்றவர்களோடும் சேர்ந்து அவர் நியூயார்க்கில் நடத்திய அரபு எழுத்தாளர் சங்கம் இப்படிப்பட்ட தவிப்பில் வளர்ந்ததுதான். கடைசிவரை அவர் அமெரிக்கக் குடியுரிமை வாங்கவில்லை. நூல்களின் வருமானத்தைப் பிஷர்ரிக்கே எழுதிவைத்தார். அந்தப் பணத்தை வைத்து ஊருக்குள் பின்னால் சச்சரவு வந்தது தனிக் கதை.

அவர் உடலை லெபனானுக்குக் கொண்டுபோனார்கள். பிஷர்ரியில் மார் சர்கீஸ் என்ற பழைய மடத்தை வாங்கி அங்கே அவரை அடக்கம் செய்ய ஏற்பாடு செய்தவர் மரியானா. இப்போது அது அருங்காட்சியகம், அவருடைய ஓவியங்கள் நிறைய அங்கே இருக்கின்றன. தையல் கூலியில் தொடங்கி மடத்தை வாங்கியது வரை அந்தத் தங்கை அண்ணனுக்குச் செய்துகொண்டே இருந்திருக்கிறார்.

எனவே என் வேண்டுகோள் இதுதான். மேலே சொன்ன இரண்டு திருத்தங்களையும் அடுத்த இதழில் வெளியிடுங்கள். இடம் இருந்தால் மரியானாவைப் பற்றி ஒரு பக்கம் போடுங்கள். ஜிப்ரான் வரைந்த படங்களில் ஒன்றையாவது அதனுடன் அச்சிட்டால் நல்லது, ஏனென்றால் நம்மவர்களில் பலருக்கு அவர் ஓவியர் என்பதே தெரியாது. அந்தப் பக்கம் வந்தால் எங்கள் தெருவில் அப்பர் தைக்கிற பெண்களுக்கு நானே உட்கார்ந்து வாசித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஆம்பூர் வாசகர்