புதிய பாய்லருக்குக் கையெழுத்துப் போடும் முன்: டர்பன் ஆலை உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஜேக்கப்ஸ், மோபெனி, பைன்டவுன், டோங்காட் பக்கங்களில் மிட்டாய், ஊறுகாய், சாயம், சலவை என்று ஸ்டீமை நம்பித் தொழில் நடத்தும் உரிமையாளர்களுக்கும் மேலாளர்களுக்கும் வணக்கம்.

மின்வெட்டுக்குப் பயந்து கூரையில் சோலார், பின்கட்டில் ஜெனரேட்டர் என்று பலரும் செலவழித்தாகிவிட்டது. நிலக்கரிக் கணக்கைத்தான் யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை. "ஸ்டீம் போதவில்லை" என்று உற்பத்திப் பிரிவிலிருந்து குரல் வந்ததும் பெரிய பாய்லருக்கு விலை கேட்கிறீர்கள். பெரும்பாலும் குறை பாய்லரில் இல்லை. மெயின் வால்வைத் தாண்டிய பிறகுதான் இருக்கிறது.

முதலில் ஸ்டீம் டிராப், அதாவது ஸ்டீம் குளிர்ந்து உண்டாகும் தண்ணீரை (கண்டென்சேட்) வெளியே விட்டு, ஸ்டீமை உள்ளேயே நிறுத்தும் வால்வு. 7 பார் அழுத்தத்தில் ஏறத்தாழ 3 மி.மீ. துளையுள்ள ஒரு டிராப் திறந்தபடியே பழுதானால் மணிக்குச் சுமார் 20 கிலோ ஸ்டீம் வீணாகும். ஆண்டுக்கு 6,000 மணி நேரம் ஓடும் ஆலையில் அது 120 டன். ஒரு கிலோ நிலக்கரிக்கு ஏழரைக் கிலோ ஸ்டீம் என்று வைத்தால் 16 டன் நிலக்கரி. ஒரே ஒரு டிராப்புக்கு இவ்வளவு! மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் கவனிக்காமல் விட்டால், நூற்றுக்குப் பதினைந்து முதல் முப்பது டிராப்புகள் பழுதாகியிருப்பது வழக்கம்.

அடைத்துக்கொண்ட டிராப் வேறு விதத்தில் கெடுதல் செய்யும். பாத்திரத்தைச் சுற்றி ஸ்டீம் ஓடும் உறையான ஜாக்கெட்டில் தண்ணீர் தேங்கி சமையல் மந்தமாகும். ஆபரேட்டர் டிராப்பைச் சுற்றிப் போகும் பைபாஸ் குழாயின் வால்வைக் கொஞ்சம் திறந்துவிடுவார், சூடு ஏறும், பைபாஸ் மூடப்படாமலே கிடக்கும். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கு அன்றைய உற்பத்தி முடிய வேண்டும். ஆகவே டிராப்போடு பைபாஸையும் சோதித்துப் பாருங்கள்.

சோதிக்க வெப்பமானி மட்டும் போதாது. பளபளக்கும் குழாயில் இன்ஃப்ராரெட் கருவி தவறான அளவைக் காட்டும். டிராப்புக்குப் பின்னால் எதிரழுத்தம் இருந்தால் இருபுறமும் ஒரே சூடாகத் தெரியும். அல்ட்ராசோனிக் கருவியால் கேளுங்கள், அல்லது பின்புறம் ஒரு சோதனை வால்வு வையுங்கள். வெளிவருவது விட்டுவிட்டு, சோம்பலாக, வெண்மையாகப் புகைந்தால் அது அழுத்தம் குறைந்ததும் சூடான கண்டென்சேட்டிலிருந்து கிளம்பும் ஃபிளாஷ் ஸ்டீம், டிராப்புக்குக் குறையில்லை. வாயருகே கண்ணுக்குத் தெரியாத இடைவெளி விட்டுச் சீறிக்கொண்டே இருந்தால் அது பாய்லரிலிருந்து நேராக வீணாகும் உயிருள்ள ஸ்டீம், டிராப் பழுது. இன்னொன்று: நான்கு ஜாக்கெட்டுக்குச் சேர்த்து ஒரே டிராப் வைக்கும் வழக்கத்தை விடுங்கள். அழுத்தம் அதிகமுள்ள ஜாக்கெட் மற்றவற்றின் தண்ணீரை வெளியேறவிடாது.

அடுத்தது கண்டென்சேட். 90 டிகிரியில் திரும்பும் தண்ணீரைச் சாக்கடையில் விட்டு, 20 டிகிரிக் குழாய்த் தண்ணீரைப் பாய்லருக்கு ஏற்றினால் எரிபொருளில் பத்து சதவீதத்துக்கு மேல் போகிறது. பாய்லருக்குள் ஏற்றும் ஃபீட் தண்ணீரின் சூடு 6 டிகிரி கூடினால் எரிபொருள் ஏறத்தாழ 1 சதவீதம் மிச்சம். ஆனாலும் சில ஆலைகளில் ஃபீட் தண்ணீர்த் தொட்டியான ஹாட்வெல்லில் வேண்டுமென்றே பச்சைத் தண்ணீர் திறந்துவிடுகிறார்கள். ஏன்? தண்ணீர் 85 டிகிரியைத் தாண்டினால் பம்ப் உறிஞ்சும் இடத்திலேயே கொதித்து, கடகடவென்று சத்தமிட்டு, பம்ப்பின் சுழலும் சக்கரமான இம்பெல்லரை அரித்துவிடும். தண்ணீரைக் குளிரவைப்பது இதற்கு மருந்தல்ல. ஹாட்வெல்லை பம்ப்புக்கு மேலே போதிய உயரத்தில் நிறுத்தி, உறிஞ்சு குழாயைக் குட்டையாகவும் பெரிதாகவும் போடுங்கள். உயரத்தைப் பம்ப்பின் என்.பி.எஸ்.எச். எண்ணை (தண்ணீர் கொதிக்காமலிருக்க உறிஞ்சும் இடத்தில் வேண்டிய அழுத்தம்) பார்த்துக் கணக்கிடுங்கள்.

கண்டென்சேட் திரும்பினால், உப்பு சேர்ந்த பாய்லர் தண்ணீரை வெளியே விடும் ப்ளோடவுனும் குறையும். ஃபீட் தண்ணீரின் டி.டி.எஸ். (கரைந்துள்ள உப்பின் அளவு) 150, பாய்லரின் வரம்பு 3,000 என்றால் ஸ்டீமில் 5 சதவீதத்துக்கு மேல் ப்ளோடவுன் தேவை; 70 சதவீதம் கண்டென்சேட் கலந்தால் அது ஒன்றரை சதவீதமாகிறது. சூடான தண்ணீரில் ஆக்சிஜனும் குறைவு, அதை நீக்கப் போடும் சல்ஃபைட் மருந்தும் குறையும்.

மிட்டாய்க்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை: பாகைச் சூடாக்கும் ஸ்டீம் சுருள்குழாய் ஓட்டையாகிச் சர்க்கரை கண்டென்சேட்டில் கலந்தால் கண்டக்டிவிட்டி மீட்டர் (தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும் அளவைக் காட்டும் கருவி) அதைப் பிடிக்காது, சர்க்கரை மின்சாரத்தைக் கடத்துவதில்லை. தண்ணீரில் சர்க்கரையைக் கண்டறியச் சர்க்கரை ஆலைகள் செய்யும் ஆல்ஃபா நாஃப்தால் சோதனையை ஷிஃப்டுக்கு ஒருமுறை செய்யுங்கள்.

இன்சுலேஷன் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 7 பார் ஸ்டீம் ஓடும் 100 மி.மீ. வெற்றுக்குழாய் மீட்டருக்கு 700 வாட்டுக்கு மேல் இழக்கும், 50 மி.மீ. ராக்வுல் (கல் இழைக் கம்பளி) சுற்றினால் பத்தில் ஒரு பங்காகும். கடற்கரைக் காற்றும் மழையும் உறைக்குள் புகுந்தால் குழாய் துருப்பிடிக்கும், உறையின் இணைப்புகளைச் சீல் செய்யுங்கள்.

எரிபொருளை மிச்சப்படுத்துகிறோம் என்று பாய்லரின் அழுத்தத்தை இறக்காதீர்கள். அழுத்தம் குறைந்தால் கொதிநீர் ஸ்டீமோடு கிளம்பி வரும். ஸ்டீம் உற்பத்தி, பாய்லரின் வடிவமைப்பு அழுத்தத்திலேயே இருக்கட்டும். பயன்படுத்தும் இடத்தில் அழுத்தத்தைக் குறைக்கும் ரெட்யூசிங் வால்வு வையுங்கள்.

தென்னாப்பிரிக்காவில் கார்பன் வரி 2019 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. 10 மெகாவாட் வெப்ப வரம்புக்குக் கீழுள்ள சிறு ஆலைகளுக்கு அது நேரடியாக வராது. ஆனால் நிலக்கரி விலை உங்களையும் தொடும். தேசிய தூய்மை உற்பத்தி மையம் ஆலைகளுக்கு எரிசக்தி மதிப்பீடு செய்து தருகிறது, கேட்டுப் பாருங்கள்.

டிசம்பர் மூடலுக்கு முன் இரண்டு வேலை. ஃபீட் தண்ணீர்க் குழாயில் மீட்டர் பொருத்தி, நிலக்கரியை எடை போட்டு, கிலோவுக்கு எத்தனை கிலோ ஸ்டீம் என்று வாரந்தோறும் எழுதுங்கள். எல்லா டிராப்புகளுக்கும் எண் போட்ட தகடு மாட்டி, ஆலை ஓடும்போதே சோதித்துப் பட்டியலிடுங்கள்; மூடிய ஆலையில் டிராப்பைச் சோதிக்க முடியாது. மாற்ற வேண்டியவற்றை நவம்பரிலேயே வாங்கி வைத்தால், மூடலின்போது பொருத்திவிடலாம். பாய்லர் விற்பனையாளரை ஜனவரியில் சந்திக்கலாம்.

இப்படிக்கு,
பாய்லர் அறைத் தொழிலாளர், பராமரிப்புப் பொறியாளர் சிலர்
டர்பன்