சோதனை ஓட்டங்களையும் சொல்லியிருக்கலாம்

ஆசிரியருக்கு,

பழைய சொகுசு கார்களைப் பற்றிய ஞாயிறு கட்டுரை நன்று. ஆனால் தோல் இருக்கை, மர வேலைப்பாடு பற்றிப் பேசிய அளவுக்கு, அந்த வண்டிகளைச் சாலையில் விரட்டிச் சோதித்த கதையைக் காணோம்.

1930களில் இங்கிலாந்தின் பென்ட்லி சொகுசு கார்களுக்குப் பெரிய பரீட்சை ஜெர்மனியின் ஆட்டோபான் என்ற அதிவேக நெடுஞ்சாலைதான். இங்கிலாந்தில் சமர்த்தாக ஓடிய இன்ஜின்கள், அங்கே நெடுநேரம் முழுவேகத்தில் ஓடியபோது பேரிங் (சுழலும் தண்டைத் தாங்கும் பாகம்) பழுதாகி நின்றன. அதனால்தான் 1938இல் ஓவர்டிரைவ் கியர் வந்தது. அதே வேகம், ஆனால் இன்ஜினுக்குச் சுற்று குறைவு.

அப்புறம் 1939இல் பென்ட்லி சோதனைக்காகக் கட்டிய கார்னிஷ் என்ற முன்மாதிரி வண்டி. காற்றை வழுக்கிச் செல்லும் அதன் வடிவத்தை வரைந்தவர் ஜார்ஜ் போலன். பல் மருத்துவம் படித்தவர்! வண்டியைப் பிரான்ஸின் பொதுச் சாலைகளில், மற்ற வாகனங்களுக்கு நடுவிலேயே ஓட்டிப் பார்த்தார்கள். இன்று நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. ஜூலையில் ஒரு பேருந்தால் அடிபட்டது. சரிசெய்து ஓட்டினால், ஆகஸ்டில் ஒரு காருக்கு விலகப் போய் மரத்தில் மோதிக் கவிழ்ந்தது. அடிச்சட்டம் இங்கிலாந்து திரும்பியது. பழுதுபார்த்த மேற்கூடு டியெப் துறைமுகத்தில் கப்பலுக்குக் காத்திருந்தபோது போர்க்கால குண்டுவீச்சில் அழிந்தது. நாஜி ஆக்கிரமிப்பை எதிர்த்த பிரெஞ்சு ரகசிய இயக்கத்தில் சேர்ந்த போலனை 1942இல் நாஜிகள் சுட்டுக்கொன்றார்கள்.

2019இல் பென்ட்லி நிறுவனம் இதே காரை மறுபடி கட்டி முடித்தது. அடுத்த கட்டுரையில் அதன் படத்தையாவது போடுங்கள்.

ஒரு வாசகர்,
கோவை