பச்சை தொப்பி பாட்டிக்கு ஒரு பெரிய நன்றி
போன மாசம் லண்டன்ல ஒரு பழைய சாமான் சந்தையில ரெண்டாம் உலகப்போர் காலத்து போட்டோ ஒரு கட்டு வாங்கிட்டு வெளிய வரேன், திடீர்னு மழை, கவர் கிழிஞ்சு எல்லாம் நனைஞ்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்ட ஆரம்பிச்சிருச்சு, எனக்கு கையும் ஓடல காலும் ஓடல.

பஸ் ஸ்டாப்ல நின்ன வெள்ளக்கார பாட்டி, நான் கேக்கவே இல்ல, தன் கேக் டப்பாவுல இருந்த, கேக் சுடும்போது அடியில போடற ஒட்டாத பேப்பர எடுத்தாங்க. காயுறதுக்குள்ள பிரிச்சிரணும், படத்து மேல விரல் படக்கூடாதுன்னு சொல்லிக்கிட்டே ஓரத்தப் பிடிச்சு ஒவ்வொண்ணா பிரிச்சு நடுவுல பேப்பர் வெச்சாங்க. அவங்க பஸ் வந்துட்டு போயே போயிருச்சு, திரும்பிக்கூட பாக்கல.

ஒரு போட்டோவுல பட்டை பட்டையா ஸ்வெட்டர் போட்ட பொண்ணு. 1941ல துணிக்கு ரேஷன் கூப்பன் வந்துச்சு, கம்பளி நூலுக்கும்தான், அதான் பழச பிரிச்சு மிச்ச நூல்ல பின்னுனாங்கன்னு சொன்னாங்க. எனக்கும் அதே மாதிரி பின்னணும்னதும், அந்தக் கால பிரிட்டிஷ் பின்னல் பேட்டர்ன்ல 10ஆம் நம்பர் ஊசின்னா இப்போ 3.25 மில்லிமீட்டர், நம்பர் ஏற ஏற ஊசி மெலிசாகும்னு ரசீது பின்னாடி எழுதியும் குடுத்தாங்க.

பாட்டி, பேர் கேக்கறதுக்குள்ள அடுத்த பஸ் ஏறிட்டீங்க. ஒரு படம்கூட கெடல. ஸ்வெட்டர் முதுகுப் பக்கம் பின்னியாச்சு. ரொம்ப ரொம்ப நன்றி! பச்சை கம்பளித் தொப்பி போட்ட இந்தப் பாட்டிய யாருக்காவது தெரிஞ்சா இத அவங்களுக்கு சொல்லுங்க, ப்ளீஸ்.