உன் ஐபோன் வேண்டாஞ் சாமி, காரணம் சொல்றேன்

அன்புள்ள கதிருக்கு,

அம்மா எழுதறது. இங்க நாங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கறோம். ஐப்பசி மழை நல்லாப் பிடிச்சிருக்குது, இந்த வாரம் மஞ்சளுக்குத் தண்ணி கட்டற வேலையே இல்லை. ஸ்டுட்கார்ட்ல குளிர் ஆரம்பிச்சிருக்கும். பாப்பாவைக் காதை மூடி வெளிய அனுப்பு.

தீபாவளியன்னைக்கு வீடியோவுல பேசிட்டு இருக்கறப்பவே என் போன் அணைஞ்சு போச்சு, அப்பவே நீ முடிவு பண்ணிட்டே: “நான் புதுசு வாங்கறேன், என்னோட ஐபோன் 13ஐ உனக்குக் குடுத்து விடறேன்.” உன் மனசு எனக்குத் தெரியும் கண்ணு. ஆனா நான் அதுக்கு அப்புறம் விசாரிச்சு, கடைக்காரங்ககிட்டக் கேட்டு, நானும் படிச்சு ஒரு முடிவுக்கு வந்திருக்கறேன். பேச்சுல சொன்னா நீ குறுக்க பேசி உன் வழிக்கு இழுத்துருவே. அதனால உக்காந்து எழுதறேன், முழுசாப் படி.

உங்கப்பா, “பேட்டரியை மாத்தினாப் போதும், எதுக்குப் புதுசு”ங்கறாரு. அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்குது. 40 சதவீதம்னு காட்டிட்டே இருந்து பொசுக்குனு அணையறது பேட்டரி தேஞ்சதாலதான். பழைய லித்தியம் அயான் பேட்டரி சுமாரா 500 தடவை முழுசா ஏறி இறங்கினா, அதோட கொள்ளளவு 80 சதவீதத்துக்கு வந்துரும். சூடு பட்டா இன்னும் சீக்கிரம். சித்திரையில 40 டிகிரி அடிக்கற ஊர்ல மொபெட் பையிலயும் மோட்டார் ரூம் ஜன்னல்லயும் கெடந்த போன் அது. கோளாறு அது ஒன்னுதான்னா நானே ஈரோட்டுக்குப் போய் மாத்திட்டு வந்திருப்பேன்.

ஆனா செட்டிங்ஸ்ல பாதுகாப்பு அப்டேட் தேதியைப் பார்த்தேன். கடைசியா வந்தது 2022 மார்ச். ஆண்ட்ராய்டுல கண்டுபிடிக்கற ஓட்டைகளை 2015ல இருந்து மாசாமாசம் கூகுள் பட்டியல் போட்டு வெளியிடுது. போன் கம்பெனிக்காரங்க அதுக்கான அடைப்பை அவங்கவங்க போனுக்கு அனுப்போணும். அனுப்பாம விட்ட போனுல ஓட்டை அப்படியே இருக்கும், அது எந்த இடத்துல இருக்குதுன்னு திருடனுக்கும் தெரிஞ்சிருக்கும். அந்தப் போனுலதான் என் பென்ஷன் கணக்கு, ஜிபே, ஆதார் எல்லாம் இருக்குது. பேட்டரி மாத்தினா இதுல எதுவும் மாறாது.

அப்டேட் வந்துட்டா எல்லாத்தையும் காப்பாத்திரும்னும் நான் நினைக்கலை. போக்குவரத்து அபராதம்னும் பி.எம். கிசான்னும் பேர் போட்டு, போன்ல செயலியை ஏத்தற ஏபிகே பைல் வாட்ஸ்அப்புல வருது. நாமளே அதைத் தொட்டு ஏத்திக்கிட்டா எவ்வளவு புதுப் போனா இருந்தும் பிரயோசனம் இல்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருத்தர் அப்படிப் பணத்தை விட்டுட்டு, சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930க்குக் கூப்பிட்டுட்டு அலையறாரு. அதுல நான் கவனமா இருக்கறேன், நீ பயப்படாதே. நம்ம கையில இல்லாத பக்கத்துக்குத்தான் அப்டேட் வேணும்.

கண்ணபுரம் சந்தையில உங்கப்பாரு காளை பிடிக்கறப்ப வயசு தெரிய முதல்ல வாயைத் திறந்து பல்லைத்தான் பார்ப்பாரு, கொம்பும் திமிலும் அப்புறம். போனுக்கு அந்தப் பல்லு அப்டேட் தேதிதான். கடையில யாரும் அதைச் சொல்ல மாட்டேங்கறாங்க. 108 மெகாபிக்சல், 120 வாட்ஸ்னு அடுக்கறாங்க. “இது எந்த வருஷம் வரைக்கும் அப்டேட் வாங்கும்”னு கேட்டா அந்தப் பையன் முழிக்கறான். மலிவு போன் பலதுல ரெண்டு மூணு வருஷத்தோட சரி. இன்னொன்னும் இருக்குது: இந்தக் கணக்கு அந்த மாடல் முதல்ல வெளிவந்த நாள்ல இருந்து ஓடுது, நாம வாங்கற நாள்ல இருந்து இல்லை. ஆடித் தள்ளுபடி, தீபாவளித் தள்ளுபடின்னு விலை குறைச்சுத் தர்ற போன்ல பலது ஏற்கனவே ஒன்னு ரெண்டு வயசு ஆனது. விலை குறைஞ்ச அளவுக்கு ஆயுசும் குறைஞ்சிருக்கும்.

இப்ப உன் ஐபோனுக்கு வர்றேன். அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. பழைய போனையும் கைவிடாமப் பார்த்துக்கறதுல ஆப்பிள்காரங்க நல்ல பேர் வாங்கினவங்க. 2018ல வந்த எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் போன்களை 2025ல ஐஓஎஸ் 26ங்கற புது மென்பொருள் வந்தப்பதான் விட்டாங்க. 2022ல உன்னோட 13ஐ ஸ்ரீபெரும்புதூர்லயே செய்ய ஆரம்பிச்சாங்கன்னு பேப்பர்ல படிச்சப்ப எனக்கு அவ்வளவு பெருமையா இருந்துச்சு. நம்ம பக்கத்துப் பொண்ணுங்க எத்தனை பேர் அந்த மாதிரி கம்பெனியில நின்னு வேலை செய்யறாங்க!

ஆனா அது 2021ல வந்த போன். அதே கணக்குல பார்த்தா 2028 போல வரைக்கும் ஓடும், அப்புறம் மறுபடி இதே பேச்சு. பேட்டரியும் உன்கிட்டயே பாதி தேஞ்சு வரும். சார்ஜர் முனையும் வேற. ஐபோன் 15ல இருந்துதான் டைப்-சி, உன்னோடது பழைய லைட்னிங். இங்க வீட்டுல இருக்கறது எல்லாம் டைப்-சி.

இதையெல்லாம் விட எனக்குப் பெருசா படறது சிம் விஷயம். என்கிட்ட ரெண்டு சிம் இருக்குது. ஒன்னு பேங்க், பென்ஷனுக்குக் குடுத்த பழைய நம்பர். இன்னொன்னு தோட்டத்து மொபைல் ஸ்டார்ட்டர்ல பதிஞ்ச நம்பர். ராத்திரி த்ரீ பேஸ் கரண்ட் வந்தா படுத்த எடத்துல இருந்தே அந்த நம்பர்ல கூப்பிட்டு மோட்டாரை ஓட விடறது நான்தான். உன் போன்ல அட்டை சிம் ஒன்னுதான் போடலாம், இன்னொன்னை அட்டை இல்லாம போனுக்குள்ளயே பதியற இ-சிம்மா மாத்தோணும். உங்களுக்கு அது சௌகரியம். இங்க ஒரு நாள் போன் தண்ணியில விழுந்தாலோ உடைஞ்சாலோ, நான் சிம்மைக் கழட்டி உங்கப்பாவோட பட்டன் போன்ல போட்டு அன்னைக்குத் தண்ணி விடோணும். இ-சிம்மை அப்படிக் கழட்ட முடியாது. ஜிபேயும் போனுக்குள்ள இருக்கற சிம்மில இருந்து எஸ்எம்எஸ் அனுப்பித்தான் கணக்கைச் சேர்க்குது. அதனால சிம் என் கையில எடுத்துப் பார்க்கற மாதிரி இருக்கோணும்.

பென்ஷனுக்கு வருஷா வருஷம் உயிர்ச் சான்று குடுக்கறதையும் இந்த ஆண்ட்ராய்டுலயே பழகிட்டேன். ஜீவன் பிரமாண்ல முகத்தைக் காட்டினாப் போதும்னு 2021 நவம்பர்ல கொண்டு வந்தாங்க. கருவூலத்துல வரிசையில நிக்கற வேலை எனக்குப் போச்சு. அதை மறுபடி புதுசாப் பழக எனக்குத் தெம்பு இருக்குது, ஆனா அவசியம் இல்லை.

தோட்டத்துக்குன்னு நான் பார்த்தது மூணு. சிக்னல் முதல்ல. நம்ம பக்கம் அறச்சலூர் மலை மறைக்கறதால டவர் எட்டறதே கஷ்டம். அலை நீளமா, அதாவது மெகாஹெர்ட்ஸ் எண் கம்மியா இருக்கற பேண்டுதான் (அலைவரிசைதான்) தூரம் போகும், சுவத்துக்குள்ளயும் நுழையும். இது நான் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்த பாடந்தான். ஜியோ 5ஜியில 700 மெகாஹெர்ட்ஸ் இருக்குது, அதுக்குப் பேர் என்28. 4ஜியில 850 மெகாஹெர்ட்ஸ், பேண்ட் 5. வாங்கற போன்ல இது ரெண்டும் இருக்குதான்னு பார்த்துத்தான் வாங்கோணும். அடுத்தது திரை. உச்சி வெயில்ல வரப்புல நின்னு இப்ப எனக்கு ஒன்னும் தெரியறதில்லை, முந்தானையை மேல போட்டு மூடித்தான் பார்க்கறேன். நல்ல அமோலெட் திரை, 1000 நிட்ஸ் வெளிச்சம் வேணும். மூணாவது தண்ணி. ஐபி67 போட்டிருந்தா ஒரு மீட்டர் ஆழத்துல அரை மணி நேரம் தாங்கும்னு அர்த்தம். அது நல்ல தண்ணிக்குச் சொன்னது, வாய்க்கால் சேத்துத் தண்ணிக்குச் சொன்னதில்லை. இருந்தாலும் மழைக்கும் ஈரக் கைக்கும் அது போதும்.

கேமராவைப் பத்தி நீ கவலையே பட வேண்டாம். மஞ்சள்ல இலைப்புள்ளி வந்தா, கிழங்கு அழுகினா, படம் எடுத்துக் கோபி வேளாண் அறிவியல் நிலையத்துக்கு அனுப்பறேன். அதுக்கு மங்கின வெளிச்சத்துலயும் கை ஆடாத படம் வேணும், அதாவது ஓஐஎஸ் இருக்கோணும். ரெண்டு மெகாபிக்சல் மேக்ரோன்னு பின்னாடி இன்னொரு கண்ணை ஒட்டி வைக்கறாங்களே, அது எண்ணிக்கைக்குத்தான். மெயின் கேமராவுலயே கொஞ்சம் தள்ளி நின்னு எடுத்தா இலையில இருக்கற புள்ளி நல்லாத் தெரியும்.

இவ்வளவும் பார்த்து நான் வந்து நின்ன இடம் சாம்சங் ஏ26. 2025 மார்ச்சுல வந்தது, ஆறு வருஷம் பாதுகாப்பு அப்டேட், ஆறு ஆண்ட்ராய்டு மாத்தம்னு கம்பெனியே எழுதிக் குடுத்திருக்குது. 2031 வரைக்கும் எனக்கு இந்தப் பேச்சே வேண்டாம். ஐபி67, ஓஐஎஸ், 5000 எம்ஏஎச் பேட்டரி எல்லாம் இருக்குது. இதைவிட மலிவா ஏ16 5ஜின்னு ஒன்னு இருக்குது, அதுக்கும் ஆறு வருஷந்தான், ஆனா 2024லயே வந்தது, ஓஐஎஸ் இல்லை, தண்ணிக்கு ஐபி54தான். மேல போனா ஏ36 இருக்குது. சார்ஜ் வேகமா ஏறும், மெமரி கார்டு போட முடியாது, எனக்கு அந்த அவசரமும் இல்லை. கூகுளோட பிக்சல் 9ஏவுக்கு ஏழு வருஷம் தர்றாங்க, அதுல எனக்கு ஆசை இருந்துச்சு. விலை ஏறிப் போச்சு, ரிப்பேர்னா எங்க தூக்கிட்டுப் போறது? சாம்சங்குக்கு ஈரோட்டுலயே சர்வீஸ் சென்டர் இருக்குது.

ஒன்னு மட்டும் கவனிச்சேன். ஏ26ல ரெண்டாவது சிம் போடற குழியிலதான் மெமரி கார்டும் போடோணும். எனக்கு ரெண்டு சிம். அதனால 128 எடுத்துட்டுக் கார்டு போட்டுக்கலாம்ங்கற வழி இல்லை, 256 ஜிபியே எடுத்தாகோணும். டப்பாவுல சார்ஜர் வராது, அதையும் சேர்த்துத்தான் விலை பேசோணும். என் பென்ஷன்ல இருந்தே வாங்கறேன். நீ பணம் போடாதே.

எனக்கு உண்மையா பயம் இருக்கறது பழைய போன்ல இருக்கறதைப் புதுசுக்குக் கொண்டு போறதுலதான். பாப்பா தவழ்ந்தது, முதல் பல்லு எல்லாம் அதுலதான் இருக்குது. உங்க ஆத்தா கடைசி வருஷத்துல உனக்காக என்கிட்டப் பேசி விட்ட வாய்ஸ் எல்லாம் வாட்ஸ்அப்புல இருக்குது. “ராசா, எப்ப வர்றே”ன்னு கேட்கறது கூட. நீ ஒன்னொன்னும் கேட்டுட்டு, வேலை அவசரத்துல அழிச்சிருப்பே, எனக்குத் தெரியும். என்கிட்ட இருக்குது. கூகுள்ல சேமிக்கலாம்னா வாட்ஸ்அப் சேமிப்பும் இப்ப அந்த 15 ஜிபி கணக்குலயே வருது, என்னோடது ஏற்கனவே ரொம்பிப் போச்சு. ஆண்ட்ராய்டுல இருந்து ஆண்ட்ராய்டுக்குன்னா ரெண்டு போனையும் பக்கத்துல வச்சு, வாட்ஸ்அப்புலயே கியூஆர் காட்டி நேரா மாத்திக்கலாம். ஐபோனுக்கும் மாத்த வழி இருக்குதுதான், ஆனா ஐபோனை முதல் முதலாத் திறக்கறப்பவே செய்யோணும். விட்டுட்டா மொத்தத்தையும் அழிச்சுட்டு மறுபடி ஆரம்பிக்கோணும். ஆத்தா குரலை வச்சுக்கிட்டு அந்தச் சோதனையெல்லாம் நான் பண்ண மாட்டேன்.

நீ செய்ய வேண்டியது இதுதான். நான் வாங்கப் போறது ஞாயித்துக்கிழமை. சனிக்கிழமை உன் மத்தியானத்துல கூப்பிடு. ஆத்தாவோட வாய்ஸையும் பாப்பா படங்களையும் உங்கப்பா கம்ப்யூட்டர் வழியாப் பென் டிரைவ்ல ஒரு பிரதி எடுக்கோணும், நீ பக்கத்துல இருந்து சொல்லிக் குடு. என் கூகுள் கணக்குக்கு மீட்பு நம்பரா உன் பழைய இந்திய நம்பர் இருக்குது, அதை மாத்தி விடு. கடையில பில் போடறதுக்கு முன்னாடி, ஒவ்வொரு போனுக்கும் தனியா இருக்கற ஐஎம்இஐ நம்பரை 14422க்கு கேஒய்எம்னு போட்டு எஸ்எம்எஸ் அனுப்பிச் சரி பார்த்துக்கறேன், அது எனக்குத் தெரியும். பழைய போனை விக்க மாட்டேன். எல்லாம் அழிச்சு, பேட்டரி மாத்தி, சிம் இல்லாம உங்கப்பாவுக்கு யூடியூப் பார்க்கக் குடுக்கறேன். பேங்க் செயலி எதுவும் அதுல ஏத்தக் கூடாதுன்னு அவருகிட்ட இப்பவே சொல்லிட்டேன்.

நீ புதுசு வாங்கறதும் அவசரப்படாதே சாமி. உங்க ஐரோப்பிய யூனியன் பக்கம் 2025 ஜூன் 20ல இருந்து சட்டமே வந்திருக்குது. 800 தடவை ஏறி இறங்கினாலும் பேட்டரி 80 சதவீதம் நிக்கோணும், அந்த மாடல் விற்பனை நின்ன பிறகும் அஞ்சு வருஷம் அப்டேட் தரோணும், உதிரி பாகம் ஏழு வருஷம் கிடைக்கோணும். டப்பாவோட ஒரு லேபிளும் வருமாம், ரிப்பேர் பண்ண எவ்வளவு சுலபம்னு அதுல எழுத்துப் போட்டிருப்பாங்க. அதைப் பார்த்து வாங்கு. 13க்குப் பேட்டரி மட்டும் மாத்தினாலே உனக்கு இன்னும் ஓடும்னு எனக்குத் தோணுது. இல்லை, வாங்கித்தான் ஆகோணும்னா, அதை மருமகளோட தம்பிக்குக் குடு. அவன் காலேஜுக்கு இன்னும் உடைஞ்ச கண்ணாடிப் போனைத்தான் கொண்டு போறான், கேட்கக் கூச்சப்படற பையன்.

சனிக்கிழமை மறக்காமக் கூப்பிடு. பாப்பா முழிச்சிருக்கற நேரமாப் பாரு.

அன்புடன்,
அம்மா