காங் போகும் முன்

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை தோழிகளுடன் மேற்கு அயர்லாந்தின் காங் கிராமத்துக்குப் போகிறாய் என்று அம்மா சொன்னாள். ஆஷ்ஃபோர்டு மாளிகையையும், 1951-ல் ஹாலிவுட் இயக்குநர் ஜான் ஃபோர்டு படம் எடுத்த தெருவையும் யாராவது காட்டிவிடுவார்கள். நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: வறண்டு கிடக்கும் அந்தக் கால்வாயைப் பார்க்காமல் திரும்பிவிடாதே.

வடக்கே மாஸ்க் ஏரி மேட்டில், தெற்கே காரிப் ஏரி தாழ்வில். நடுவே ஒடுங்கிய நிலத்தில் ஊர். மாஸ்க் ஏரித் தண்ணீர் சுண்ணாம்புப் பாறைக்குள் புகுந்து, நிலத்துக்கடியிலேயே ஓடி, ஊருக்கு வந்துதான் ஊற்றாக மேலெழும்புகிறது. அப்படிப்பட்ட பாறையில்தான், உருளைக்கிழங்குப் பஞ்சம் வாட்டிய 1848-ல், இரு ஏரிகளுக்கும் நடுவே படகு விடக் கால்வாய் வெட்டத் தொடங்கினார்கள். பட்டினியில் வாடிய உழவர்களே கூலியாட்கள். 1854-ல் வேலை நின்றுபோனது. பாறை தண்ணீரைக் குடித்துவிட்டது என்பது ஊர்ப்பேச்சு. பொதுப்பணித் துறையில் காலம் தள்ளிய எனக்கு அது பாதிக் காரணமாகத்தான் படுகிறது. செலவு ஏறியதும் ரயில் வந்ததும் மீதி.

அங்கே வந்திருந்தபோது, படகை ஏற்றி இறக்கக் கட்டிய மதகுச் சுவரை வெகுநேரம் தடவிப் பார்த்தேன். செதுக்கிய கற்கள், இடையே நகம்கூட நுழையாது. அரை வயிற்றுக் கஞ்சிக்காரர்களின் கைவேலை அது. பத்து லட்சம் பேரைப் பலிகொண்ட பஞ்சம், மகளே. தாது வருஷப் பஞ்சத்தில், 1877-78-ல், சென்னைக்குள் பக்கிங்காம் கால்வாயை வெட்டவைத்ததும் அன்று அயர்லாந்தையும் ஆண்ட இதே ஆங்கிலேய ஆட்சிதான். மண் சுமந்தால்தான் கூலி என்ற இந்த ஏற்பாட்டை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

பிறகு மடாலயத்துக்குப் போ. அயர்லாந்தின் கடைசிப் பேரரசர் ரோரி ஓ'கானர் 1198-ல் காலமானது அங்கேதான். பின்னால் ஆற்றுக்கு மேலேயே துறவிகள் கட்டிய சின்னக் கல்வீடு நிற்கிறது. தரையில் ஒரு துளை. அதன் வழியாக வலை இறக்கி மீன் பிடித்தார்கள். மீன் சிக்கினால் சமையல்கட்டில் மணி அடிக்கக் கயிறு கட்டியிருந்தார்களாம்.

அந்த அரசரின் தந்தை 1123-ல் செய்யச் சொன்ன காங் சிலுவை இப்போது டப்ளின் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அடுத்த விடுமுறையில் அதையும் பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
அப்பா