மாகாளிக்கிழங்கும் ஆய்வகக் கன்றுகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மாகாளிக்கிழங்கு ஊறுகாயை மூட்டைப்பூச்சி வாடை என்று ஒதுக்குபவர்கள் உண்டு. பழகியவர்களுக்கோ அது இல்லாமல் தயிர்சாதம் இறங்காது. முன்பெல்லாம் எங்கள் ஊர்ச் சந்தைக்குக் கட்டைவிரல் பருமனில் வந்த கிழங்கு, இப்போது சுண்டுவிரல் அளவில்தான் வருகிறது. தோலைச் சீவி நடுநரம்பை எடுத்துவிட்டால் நறுக்குவதற்கு மிஞ்சுவது கொஞ்சமே. முற்றுவதற்கு முன்பே தோண்டிவிடுகிறார்கள் என்றுதான் எண்ண வேண்டியிருக்கிறது.

தென்னிந்தியாவின் பாறைப்பாங்கான மலைச்சரிவுகளில் வளரும் இக்கொடி, நன்னாரிக்கு மாற்றாக மருந்துக்கும் சர்பத்துக்கும் வாங்கப்படுகிறது. கிழங்கைத் தோண்டும்போது பெரும்பாலும் கொடியே போய்விடுகிறது. விதையும் எளிதில் முளைப்பதில்லை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் அழியும் நிலையிலுள்ள இனமாக இது சேர்க்கப்பட்டிருக்கிறது.

இதைத் திசு வளர்ப்பில் பெருக்கும் வழி புதிதன்று. கொடியின் ஒரு கணுவை வெட்டிக் கிருமி நீக்கி, கண்ணாடிக் குடுவையில் முராஷிகே-ஸ்கூக் ஊடகம் என்னும் சத்துக்கலவையில் வைத்து, சைட்டோகைனின் என்னும் வளர்ச்சி ஊக்கியைச் சேர்த்தால் தளிர்கள் கிளைக்கும். பின்னர் ஆக்சின் என்னும் மற்றொரு வளர்ச்சி ஊக்கியைக் கொடுத்து வேர்விடச் செய்யலாம். வேர்விடுவதில் முரண்டு பிடிக்கும் இச்செடிக்கு ஃபுளோரோகுளுசினால் என்னும் வேதிப்பொருள் உதவுவதை மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தினர் ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டனர். ஆகவே குறை, குடுவைக்குள் நடப்பதில் இல்லை. குடுவையை விட்டு வெளியே வந்த பிறகு நடப்பதில்தான் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆய்வகத்தில் எனக்குப் பன்னிரண்டு கன்றுகள் கொடுத்தார்கள். பத்து நாளில் இரண்டைத் தவிர எல்லாம் கருகின. குடுவையின் ஈரக்காற்றில் விரிந்த இலைக்கு மெழுகுப்பூச்சு மெல்லியது, இலைத்துளைகளும் சரியாக மூடா. ஈரப்பதத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்துச் சில வாரங்கள் நிழற்குடிலில் பழக்காமல் வெயிலில் வைத்தால் அது நீரைத் தாங்கி வைத்திருக்காது. இதைச் சொல்ல அங்கு யாருமில்லை.

மற்றொன்றும் உண்டு. திசு வாழைக்கன்றுகள் எல்லாம் ஒரே அச்சாக இருப்பது, தார்கள் ஒருசேர வெட்டுக்கு வரவேண்டிய தோட்டத்துக்கு வசதி. காட்டுக்குத் திருப்பி அனுப்பும் செடிக்கு அதுவே கேடு. ஒரே தாய்க்கொடியின் ஆயிரம் கன்றுகளை நட்டால், ஒரு நோய் வந்தால் ஆயிரமும் போய்விடக்கூடும்.

எனவே கொல்லிமலை, ஜவ்வாதுமலை ஆகியவற்றை ஒட்டிய வனத்துறை நாற்றங்கால்களில் நிழற்குடில்கள் அமைத்து, கன்றுகளைப் பழக்கும் பணியை ஊதியத்துடன் மலைவாழ் மகளிர் குழுக்களிடம் ஒப்படைக்க வேண்டுகிறேன். தாய்க்கொடிகளை ஒவ்வொரு மலையிலும் பல இடங்களிலிருந்து எடுத்து, அந்தந்த மலைக்குரிய கன்றுகளை அங்கேயே நட வேண்டும். ஊறுகாய்க்கும் சர்பத்துக்கும் தேவையான கிழங்கை மலை உழவர்கள் தம் வரப்போரங்களில் வளர்க்கத் தனியாகக் கன்றுகள் தரலாம். எந்தக் கன்று எந்த மலையின் எந்தத் தாய்க்கொடியிலிருந்து வந்தது என்று ஒவ்வொரு பையிலும் ஒரு சீட்டு கட்டியிருப்பது அவசியம்; எனக்குக் கிடைத்த பன்னிரண்டில் ஒன்றில்கூட அது இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர், நாமக்கல் மாவட்டம்